மாரித் தண்ணீரில் கார்டினல் மீன்கள்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று: "நியோன் மீன் வாங்கி விட்டால் ஒரு கிழமை தங்குதில்லையே, ஏன்?" கடைக்காரரைத் திட்ட முதல் தண்ணீரைப் பாருங்கள்.

நியோன் டெட்ராவும் அதன் நெருங்கிய உறவான கார்டினல் டெட்ராவும் தென்னமெரிக்க மீன்கள். கார்டினலுக்குப் பேர்போன இடம் ரியோ நீக்ரோ. வெள்ள காலத்தில் அந்த ஆறு காட்டுக்குள் ஏறிவிடும். ஊறிக் கிடக்கும் இலைகுழைகளின் சாயம் இறங்கி, தண்ணீர் பிளேன்ரீ நிறத்துக்கு வந்துவிடும். அழுக்கென்றுதான் நினைப்போம். ஆனால் அதில் சுண்ணாம்போ உப்போ மிகச் சொற்பம். தண்ணீரின் புளிப்பைக் காட்டும் அளவு பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். அங்கே அது 4, 5 என்று புளிப்புப் பக்கமாகவே நிற்கும்.

நமது கரையோரக் கிணறுகள் பலவற்றில் கதை நேர்மாறு. காய்ந்த கொட்டாங்காய் இலை நாலைப் போட்டால் சரி என்பார்கள். நிறம் வரும், பிஎச் அசையாது. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற உப்பு, இலை விடும் அமிலத்தை அப்படியே அடக்கிவிடும்.

நமக்கு வழி மாரிதான். முதல் மழைகள் கூரையைக் கழுவிப் போகட்டும். பிறகு வருவதைப் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடியுங்கள். சீமெந்துத் தொட்டி வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு கரையும். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். மீன் வளர்க்கப் போய் டெங்கு நுளம்பு வளர்த்த வீடாகிவிடக்கூடாது.

தனி மழைத் தண்ணீரையே ஊற்றினால் பிஎச் திடீரென்று சரியும். ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரையும் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு போடுகிற இலை உண்மையாகவே வேலை செய்யும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மீன்கழிவிலிருந்து அமோனியா வரும். புளிப்புத் தண்ணீரில் அது அமோனியமாக மாறி, பெரிய தீங்கில்லாமல் கிடக்கும். அந்த நீரில் கழிவைத் தின்னும் பக்டீரியாவும் மந்தமாகவே வேலை செய்யும், ஆகவே அமோனியம் சேர்ந்துகொண்டே போகலாம். ஒரு நாள் அவசரத்தில் பாதித் தொட்டியை இறைத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் பிஎச் ஏறும், அமோனியம் மறுபடி நஞ்சாகும், விடிய மீனெல்லாம் மல்லாந்து கிடக்கும். அதனால் மீன் குறைவாக விடுங்கள், இரை சிட்டிகையளவு போடுங்கள், தண்ணீர் மாற்றுவதும் அதே கலவையால் கொஞ்சம் கொஞ்சமாக.

நியோனா கார்டினலா என்றால், நம்ம ஊருக்கு நான் கார்டினலைத்தான் சொல்வேன். நியோனுக்கு 22 முதல் 25 பாகை வரை போதும். கச்சான் காற்று அடிக்கும் வெக்கை மாதங்களில் அது வாடிப்போகும். கார்டினல் 28 பாகையிலும் சுகமாக நீந்தும். வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்: கார்டினலின் சிவப்பு வயிற்றின் நீளத்துக்கும் ஓடும், நியோனுக்குப் பின்பாதியில் மட்டும். பத்துக்குக் குறையாமல் வாங்குங்கள், இரண்டு மூன்றென்றால் மூலையில் ஒளிந்தே காலம் போகும். விடிய லைட் போட்டதும் நீலக்கோடு மங்கித் தெரிந்தால் நோயென்று பயப்படாதீர்கள். இரவில் அது மங்கித்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் பழையபடி மினுங்கும்.

பீப்பாய், கலவை என்று மினக்கெட நேரமில்லையா? கப்பியோ மொலியோ வாங்குங்கள். அவைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் விருப்பம்.

நன்றி, வணக்கம்.