வெள்ளிக்கிழமை மட்டும் குளிர்கிற வீடு

வணக்கம் நேயர்களே.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்று, வியர்த்து விறுவிறுத்து இந்தக் கலையகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். பேசப் போவதோ வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலரைப் பற்றி. "கொழும்பில இது ஆருக்கு ஐயா?" என்று தயாரிப்பாளர் முதலில் சிரித்தார். பிறகு அவரே, "எங்கட அண்ணன் வீட்டில போன குளிர் முழுக்க இதே கதைதான்" என்றார். லண்டனில் ஒரு பிள்ளையோ சகோதரமோ இல்லாத தமிழ்க் குடும்பத்தை வெள்ளவத்தையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்க டிசம்பரில் போய் இறங்கும் அம்மா அப்பாமாருக்கு அங்கே முதல் கொழுவல் மருமகளோடு அல்ல, குசினிச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டியோடுதான். நான் 11 வருடம் அந்தப் பெட்டிகளைப் பூட்டியும் கழற்றியும் பிழைத்தவன்.

பெட்டியின் வேலை எளிது. காஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அந்தத் தண்ணீரை அறை அறையாகச் சுவரில் இருந்து சூடு கொடுக்கும் றேடியேற்றர்களுக்குள் ஓட்டும். ஆறிய தண்ணீர் திரும்பி வரும், மறுபடி சூடேறும். பழைய பொயிலர்களுக்கு இரண்டே நிலைதான்: முழுதாக எரியும், அல்லது அணைந்திருக்கும். இப்போது இருப்பவை சுடரை ஏற்றி இறக்கக்கூடியவை. மொடியுலேற்றிங் பொயிலர் என்பார்கள்.

பழைய ஏ.சி. வைத்திருந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். டக்கென்று கொம்பிரசர் தொடங்கும், கொஞ்ச நேரம் முழங்கும், டக்கென்று நிற்கும். இன்வேட்டர் ஏ.சி. வந்த பிறகு அந்தச் சத்தம் போய்விட்டது. அறை குளிர்ந்து வரவரக் கொம்பிரசர் தன் வேகத்தைத் தணித்துக்கொள்கிறது. பொயிலரில் அதே வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் விசிறி. விசிறி வேகமாகச் சுற்றினால் காற்று கூட வரும். காஸ் வால்வ் அந்தக் காற்றின் அழுத்தத்தைப் பார்த்து அதற்கேற்ற காஸை விடும். ஒரு பங்கு இயற்கை வாயு சரியாக எரியக் கிட்டத்தட்டப் பத்துப் பங்கு காற்று வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். தண்ணீர்க் குழாயில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சென்சர் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பெரும்பாலானவற்றில் 25 பாகையில் 10,000 ஓம், 60 பாகைக்கு வரும்போது சுமார் 2,500 ஓம். பொயிலரின் மூளைக்கு இந்த எண்தான் கண். கேட்ட சூட்டுக்கும் இருக்கும் சூட்டுக்கும் இடைவெளி குறையக் குறைய அது விசிறியை மெதுவாக்கும்.

எவ்வளவு தூரம் இறங்கும்? நன்றாக இறங்குபவை பத்தில் ஒன்று வரை போகும். பல வீடுகளில் இருப்பவை ஐந்தில் ஒன்றோடு நின்றுவிடும். அதற்கும் கீழே போனால் சுடர் தளர்ந்து தானாக அணையும், இல்லையென்றால் அது எரியும் பேர்ணருக்குள்ளேயே பின்வாங்கும். அதனால் உற்பத்தி செய்பவர்கள் அங்கே கோடு கிழித்துவிடுகிறார்கள்.

24 கிலோவொட் பொயிலர் என்று சொன்னால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. நம் சிலிண்டரில் சொல்கிறேன். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றை அந்தப் பொயிலரோடு பூட்டி முழு வேகத்தில் எரித்தால் ஏழு மணித்தியாலம்கூடத் தாங்காது. 2022இல் அதே சிலிண்டருக்காகக் கால்கடுக்க வரிசையில் நின்றவர்கள் நாங்கள்! அதே பொயிலர் 4 கிலோவொட்டுக்கு இறங்கி எரிந்தால் 40 மணித்தியாலம் போகும். இறங்கத் தெரிவதில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் பொயிலருக்கு இறங்கத் தெரிந்தால் மட்டும் போதாது, வீட்டுக்காரர் இறங்க விட வேண்டும்.

லண்டன் ஹரோவில் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி மாதம், வெளியே 9 பாகை. தேத்தண்ணிக் கோப்பையோடு குசினியில் நிற்கிறேன். பொயிலரில் டிக் டிக் டிக் என்று தீப்பொறி, பிறகு 'உஃப்' என்று சுடர் பிடிக்கும் சத்தம். முகப்பில் எண் ஏறுகிறது: 48, 57, 66, 74. எண்பதைத் தொட்டதும் அணைந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விசிறி கொஞ்சம் ஓடி நின்றது. மூன்று நிமிடம் அமைதி. பிறகு மறுபடி டிக் டிக் டிக்.

"அத்தான், மேல் அறை றேடியேற்றர் எல்லாம் திறந்தா இருக்கு?"

"ஆளில்லாத அறைக்கு ஏன் சூடு? எல்லாம் பூட்டி வைச்சிருக்கிறன். ஹோலும் குசினியும் போதும்."

அத்தான் சிக்கனக்காரர், அவர் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பொயிலரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அது எவ்வளவுதான் இறங்கினாலும் 5 கிலோவொட்டுக்குக் கீழே போகாது. திறந்திருக்கும் இரண்டு றேடியேற்றரும் சேர்ந்து 2 கிலோவொட்டைத்தான் வெளியே விடும். மிச்சம் எங்கே போகும்? குழாய்த் தண்ணீரிலேயே தங்கிச் சூடு கிடுகிடென்று ஏறும். எல்லையைத் தாண்டியதும் பொயிலர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவை பற்றவைக்கும்போதும் விசிறி முதலில் பழைய காற்றை வெளியே தள்ளும். அதோடு அடுப்புக்குள் இருந்த சூடும் வெளியே போகும். நாளைக்கு நூறு தடவை இப்படி நடந்தால் மிச்சம் பிடித்த காசு எங்கே போகும் என்று அத்தானே கணக்குப் பார்க்கட்டும்.

மேல் அறைகளைத் திறந்தேன். வீட்டில் உள்ள அத்தனை றேடியேற்றரும் சேர்ந்தால் 10 கிலோவொட் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். அது உள்ளே 70 பாகைத் தண்ணீர் ஓடினால்தான். போகும் தண்ணீர் 55, திரும்பும் தண்ணீர் 45 என்று வைத்தால் அதில் பாதிதான் வரும், ஆக 5 கிலோவொட். பொயிலர் இறங்கக்கூடிய ஆகக் குறைந்த அளவும் அதுவே. முகப்புக் குமிழை 75இலிருந்து 55க்குத் திருகிவிட்டு நின்றேன். 49, 52, 54. அங்கேயே நின்றது. விசிறிச் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்து, காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு வந்தது.

அந்த வீட்டுக்கு அன்று உண்மையில் தேவைப்பட்டது 3 கிலோவொட்தான். வெளியே மைனஸ் 3, உள்ளே 21 என்ற கடும் குளிருக்கு 6 கிலோவொட் தேவைப்படும் வீடு அது. 24 பாகை வித்தியாசத்துக்கு 6 என்றால் 12 பாகைக்கு 3. ஆகவே மணித்தியாலத்தில் முப்பத்தாறு நிமிடம் எரிந்தால் போதும். அந்த முப்பத்தாறு நிமிடமும் ஒரே மூச்சில் எரியட்டும் என்றுதான் நான் அந்தக் குமிழைத் திருகினேன்.

6 கிலோவொட் தேவைப்படும் வீட்டுக்கு எதற்கு 24 கிலோவொட் பொயிலர்? அந்த அளவு வீட்டுக்காக அல்ல, குளியலுக்காக. அங்கே பல வீடுகளில் தண்ணீர்த் தொட்டி இல்லை. சூடான குழாயைத் திறந்த உடனே பொயிலர் அதைக் கண்டுபிடிக்கும். உள்ளே இருக்கும் மூவழி வால்வ் திரும்பும், றேடியேற்றர்களுக்குப் போன தண்ணீர் நின்று, சூடு முழுவதும் குளிக்கும் தண்ணீருக்குப் போகும். குளித்து முடியும் வரை வீடு காத்திருக்க வேண்டியதுதான். நம் மேல்தொட்டித் தண்ணீர் வெயிலில் தானே சூடாகிவிடும். அங்கே தெருக் குழாயில் வருவது கை விறைக்கும் தண்ணீர். அதை 35 பாகை ஏற்றினால் 24 கிலோவொட்டுக்கு நிமிடத்துக்கு 10 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். மேலே ஒருவர் குளிக்கும்போது கீழே ஒருவர் கோப்பை கழுவினால் மேலே இருந்து குரல் வருவது அதனால்தான். விவரமான பொருத்துநர் றேடியேற்றர் பக்கத்துக்கு மட்டும் ஆகக் கூடிய அளவைப் பத்துப் பன்னிரண்டு கிலோவொட் என்று மட்டுப்படுத்திவிடுவார். குளிக்கும் பக்கத்துக்கு முழுதும் கிடைக்கும். பலர் இதைச் செய்வதில்லை. பெட்டியில் வந்தபடியே பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, றேடியேற்றர் பக்கத்தில் பொயிலர் யார் சொல்லைக் கேட்கிறது? இதைப் பொறுத்துத்தான் அதன் குணமே மாறும்.

சுவரில் இருந்து அறைச் சூட்டை அளக்கும் சாதாரணத் தெர்மோஸ்டற்றுக்கு இரண்டே சொல்தான் தெரியும்: வேண்டும், போதும். எவ்வளவு வேண்டும் என்று அது சொல்லாது. பொயிலர் குமிழில் இருக்கும் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சூட்டைத் தக்கவைக்க மட்டும் ஏறி இறங்கும். அறை 15 பாகையில் இருந்தாலும் சரி, இருபதரையில் இருந்தாலும் சரி, அதற்குத் தெரியாது. இரண்டாவது வகைத் தெர்மோஸ்டற் பொயிலரோடு பேசும். பல பொயிலர்களில் இதற்கு ஓப்பன்தேர்ம் என்ற பொது மொழி இருக்கிறது, இரண்டே வயர்தான். "இன்னும் அரைப் பாகைதான் குறைவு, 42 பாகைத் தண்ணீர் அனுப்பு, காணும்" என்கிற மாதிரி அது கேட்கும். பொயிலரும் அப்படியே தணியும்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டுக்காரர் எனக்குச் சொன்ன முறைப்பாட்டை நான் மறக்க மாட்டேன்: "தம்பி, வெள்ளிக்கிழமை மட்டும் வீடு குளிருது." மற்ற நாளெல்லாம் பிரச்சினை இல்லையாம். பொயிலரைக் கழற்றாத குறையாகப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வெள்ளி பின்னேரம் போனேன். ஹோலில் தெர்மோஸ்டற்றுக்கு நேர் கீழே சாமித் தட்டு. ஐந்து திரி போட்ட குத்துவிளக்கு. விளக்குச் சூட்டில் தெர்மோஸ்டற் 23 காட்டுகிறது, பொயிலர் தன் கடமை முடிந்தது என்று படுத்துக் கிடக்கிறது. சாமியை நகர்த்தச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தெர்மோஸ்டற்றை அடுத்த சுவருக்கு மாற்றினேன்.

மூன்றாவது வகையில் சொல்லுபவர் வீட்டுக்கு வெளியே இருக்கிறார். வெயில் படாத வடக்குச் சுவரில் ஒரு சின்னச் சென்சர். வெளியே 15 என்றால் தண்ணீர் 33 போதும், பூச்சியம் என்றால் 51, மைனஸ் 3 என்றால் 55 என்று வீட்டுக்கு ஏற்றபடி ஒரு கோடு வரைந்து கொடுத்துவிட்டால் பொயிலர் அந்தக் கோட்டிலேயே நடக்கும். வீடு குளிர்ந்த பிறகு விழிப்பதில்லை, வெளியே குளிர்வதைப் பார்த்தே தயாராகிறது. எனக்குப் பிடித்தது இதுதான், சரியான கோடு கிடைக்க இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும் என்றாலும். இங்கிலாந்தில் 2018 ஏப்ரலிலிருந்து, தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்கும் புதிய பொயிலர் பூட்டினால் வழக்கமான தெர்மோஸ்டற்றோடு இப்படி ஏதாவது ஒன்றும் கூட வைத்தாக வேண்டும்.

இன்னும் இரண்டு நிலை உண்டு. கோடையில் தண்ணீர் மட்டும். குளிரில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்தால், உள்ளே தண்ணீர் 5 பாகையளவுக்கு இறங்கியதும் பொயிலர் தானாகவே பம்ப்பை ஓட்டும், தேவைப்பட்டால் சுடரும் வைக்கும். குழாய் உறைந்து வெடிக்காமல் காப்பது அதுதான். ஆகவே கொழும்புக்குப் புறப்படும்போது பொயிலரின் மின்சுவிட்சை அணைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

குமிழை 55க்கு இறக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காஸ் எரியும்போது நிறைய நீராவி உண்டாகும். சோற்றுப் பானை மூடியில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். ஆவி ஆறித் தண்ணீராகும்போது தன் சூட்டை மூடிக்குக் கொடுத்துவிடும். பொயிலர் புகையிலும் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு வெப்பம் இப்படி ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஆவி உள்ளேயே ஒடுங்கி அதைக் கொடுக்கும். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, புதிதாகப் பூட்டுவதெல்லாம் இப்படி ஆவியின் சூட்டையும் பிடிக்கக்கூடிய வகைதான். ஆனால் குமிழ் 75இல் இருந்தால் ஆவி அப்படியே வெளியே போகும். குளிர்கால லண்டன் தெருக்களில் சுவரோரம் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருகிறதே, அதோடு வீட்டுக்காரரின் காசும் கொஞ்சம் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து வைக்கும் வீடாக இருந்தால் அந்தத் தொட்டியை 60 பாகைக்குக் கீழே வைக்கக் கூடாது. லெஜியனெல்லா என்ற கிருமி அதில் வளரும். நான் இறக்கச் சொல்வது றேடியேற்றர் குமிழை மட்டும். பெட்டியின் மூடியில் கை வைக்கவே வேண்டாம், அதற்கு அங்கே காஸ் வேலைக்கான காஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் வர வேண்டும்.

அம்மாவும் அந்த மாதம் அக்கா வீட்டில்தான் நின்றா. நான் குமிழை இறக்கி ஒரு மணித்தியாலம் கழித்து வந்து றேடியேற்றரில் கையை வைத்தா. முன்பெல்லாம் வைத்த கையை இழுத்துக்கொள்ளும் சூடு. இப்போது வெதுவெதுப்புத்தான்.

"சூடே இல்லையடா. இவன் வந்து நோண்டிப் பழுதாக்கிப்போட்டான்."

அக்கா சுவரில் இருந்த தெர்மோஸ்டற்றைக் காட்டினா. 21. அம்மா அதைப் பார்த்தா, மறுபடி றேடியேற்றரைத் தொட்டா. "இல்லை, சூடில்லை" என்று சொல்லிக்கொண்டே தோளில் இருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனா.