ஒரே சினைப்பையில ரெண்டு ஹார்மோன் எப்படி சுரக்குது?

அடுத்த கேள்வி. "ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ரெண்டுமே சினைப்பையில இருந்துதான் வருதுன்னு சொன்னீங்க. ரெண்டும் ஒரே இடத்துலயா சுரக்குது? எங்க செம்மறி 17 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வர்றதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டுங்க. முட்டை வளர்ற கொப்புளம் இருக்கே, ஃபாலிக்கிள், முதல்ல அதைப் பார்ப்போம். அறுத்த ஆட்டோட சினைப்பையை எடுத்துப் பாருங்க, தெளிஞ்ச நீர் நிறைஞ்சு 5, 6 மில்லிமீட்டர்ல மேலேயே தெரியும். அதோட சுவர்ல வெளிப்பக்கம் தீக்கா செல், உள்பக்கம் கிரானுலோசா செல். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி விடுற எல்.எச். ஹார்மோனோட தூண்டுதல்ல தீக்கா செல் ஆண்ட்ரோஜன், அதாவது ஆண் ஹார்மோன், தயாரிக்கும். ஆமா, பெட்டை ஆட்டுலதான்! அதை கிரானுலோசா செல் வாங்கி ஈஸ்ட்ரோஜனா மாத்திடும். அதுக்கு அதே பிட்யூட்டரி விடுற எஃப்.எஸ்.எச். ஹார்மோன் வேணும். ஈஸ்ட்ரோஜன் ஏறினாத்தான் ஆடு கிடாயைத் தேடிப் போகும், வாலை ஆட்டும், ஏற விட்டு நிக்கும். ஒரு நாள், ஒன்றரை நாள் இருக்கும்.

பருவம் முடியுற சமயத்துல ஃபாலிக்கிள் வெடிச்சு முட்டை வெளிய வந்துடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுக்கு அப்புறம்தான். அதே தீக்கா, அதே கிரானுலோசா செல்லுங்கதான் உருமாறி கார்ப்பஸ் லூட்டியம்ங்கிற திரட்சியா ஆகுது. ஈஸ்ட்ரோஜன் தயாரிச்ச செல்லு இப்போ புரோஜெஸ்ட்ரோனை சுரக்க ஆரம்பிச்சிடும். மாட்டுல அது மஞ்சளா இருக்கும், செம்மறியில வெளிறின சிவப்பு. அது சுரக்குற வரைக்கும் ஆடு பருவத்துக்கு வராது.

சினை பிடிச்சிருந்தா, 12, 13ஆம் நாள் வாக்குல கரு இன்டர்ஃபெரான் டௌன்னு ஒரு புரதத்தை அனுப்பி கார்ப்பஸ் லூட்டியத்தைக் காப்பாத்திடும். இல்லைன்னா கருப்பை புரோஸ்டாகிளாண்டின்ங்கிற ஹார்மோனை விட்டு கார்ப்பஸ் லூட்டியத்தைக் கரைச்சிடும். புரோஜெஸ்ட்ரோன் விழுந்ததும் அடுத்த ஃபாலிக்கிள் மளமளன்னு வளரும், ஆடு மறுபடி பருவத்துக்கு வரும். உங்க 17 நாள் கணக்கு இதுதான்.

வெள்ளாடும் சேர்த்து வளர்க்கிறவங்க இதைக் கவனிங்க. செம்மறியில சினையாகி 50, 60 நாளானா புரோஜெஸ்ட்ரோன் வேலையை நஞ்சுக்கொடியே எடுத்துக்கும். வெள்ளாட்டுக்கு குட்டி போடுற வரைக்கும் கார்ப்பஸ் லூட்டியம்தான் கதி. பருவத்துக்கு வரவைக்க புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடுறீங்களே, சினை வெள்ளாட்டுக்கு அது எந்த மாசத்துல போனாலும் குட்டி கலைஞ்சிடும். டாக்டர் சினை பார்த்துச் சொல்லாம அந்த ஊசியைத் தொடவே தொடாதீங்க.