ஃபெரிட்டின் 14, ரிப்போர்ட்ல "நார்மல்"!

வணக்கம் மக்களே. ஆமா, டம்ளர்ல இன்னைக்கு டீ இல்ல, வெந்நீர்தான். காரணம் வருது, இருங்க.

போன ரத்தசோகை வீடியோவுக்குக் கீழ நீங்க போட்ட ரிப்போர்ட்டெல்லாம் பார்த்து வந்த எரிச்சல்தான் இந்த வீடியோ. ஹீமோகுளோபின் 12.4, உடம்புல சேமிச்சு வெச்ச இரும்பைக் காட்டுற ஃபெரிட்டின் 14. அந்த 14 தடிச்ச எழுத்துல கூட இல்லைங்க! ஏன்னா பக்கத்துல ரேஞ்ச் 13–150ன்னு அச்சடிச்சிருக்கு. 12 வந்திருந்தா தடிச்ச எழுத்து, கூடவே கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி. 14 வந்ததால அம்மணி பாஸ்! ஒரு அம்புக்குறி போட லேபுக்கு மை தீர்ந்துடுமா?

அந்த ரேஞ்ச் எப்படி வருது? நல்லா இருக்கோம்னு சொல்றவங்க ரத்தத்தை எடுத்துப் பார்த்து, நடுவுல விழுற 95 சதவீதத்தை ரேஞ்ச்னு வெச்சுக்குவாங்க. அந்தக் கூட்டத்துல மாசாமாசம் ரத்தம் போய் இரும்பு காலியான பொண்ணுங்களும் இருப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல வெச்ச கோடு, ஆரோக்கியமான பெரியவங்களுக்கு 15. நிறைய டாக்டருங்க 30க்குக் கீழ போனாலே குறைபாடுன்னு எடுத்துக்குவாங்க. நான் 30 கட்சி.

ஹீமோகுளோபின் சரியா இருக்கும்போது இரும்பு எப்படிக் குறையும்னு கேக்குறீங்க. குதிர்ல நெல்லு தீர்ந்தாலும் அன்னைக்கு உலையில சோறு கொதிக்கும்ல, அதேதான். உடம்புல மொத்தமே 3, 4 கிராம் இரும்பு, அதுல மூணுல ரெண்டு பங்கு ஹீமோகுளோபின்ல. முதல்ல குதிர் காலியாகும், அதான் ஃபெரிட்டின். அடுத்து டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல இரும்பைச் சுமக்குற வண்டி எவ்வளவு நிரம்பியிருக்குங்கிற கணக்கு, 20 சதவீதத்துக்குக் கீழ இறங்கும். ஹீமோகுளோபின் விழுறது கடைசியில. ஆனா தசைக்கும், செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இரும்பு வேணும். சோர்வு அங்கேயே ஆரம்பிச்சுடும்.

2012ல வந்த பிரான்ஸ் ஆய்வு ஒண்ணு. ரத்தசோகை இல்லாத, ஃபெரிட்டின் 50க்குக் கீழ இருந்த, சோர்வா இருந்த 198 பெண்கள். தினம் 80 மில்லிகிராம் இரும்பு, 12 வாரம். சோர்வு அளவு 47.7 சதவீதம் குறைஞ்சது. டம்மி மாத்திரைக்கே 28.8 குறைஞ்சது, அதை மறைச்சு பேசுற சேனலுங்க எனக்குப் பிடிக்காது. வித்தியாசம் மட்டும்தான் இரும்போட வேலை.

இப்போ இதய செயலிழப்பு. வீட்ல பம்பிங் குறைஞ்ச பெரியவங்க இருந்தா இதை மட்டும் ரெண்டு தடவை கேளுங்க. இவங்களுக்குக் கோடே வேற. ஃபெரிட்டின் 100க்குக் கீழ இருந்தாலே குறைபாடு. 100லேர்ந்து 299 வரைக்கும் இருந்து, கூடவே சாச்சுரேஷன் 20க்குக் கீழ இருந்தாலும் குறைபாடு. அதாவது 90 வந்தா ரிப்போர்ட் நார்மல்னு சொல்லும், இதயம் அப்படிச் சொல்லாது. 2009ல வந்த ஃபேர்-எச்எஃப் ஆய்வுல 459 பேர். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ்ங்கிற இரும்பு ஊசி போட்டவங்கள்ல பாதிப்பேர் 24 வாரத்துல தெளிவா முன்னேறினதா சொன்னாங்க, டம்மி ஊசியில 28 சதவீதம். ரத்தசோகை இருந்தவங்க, இல்லாதவங்க ரெண்டு தரப்புக்கும் பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்ப போறது குறையுதுன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டுது. உயிர் காக்குதான்னு கேட்டா, அது இன்னும் உறுதியாகல.

இவங்களுக்கு மாத்திரையே போதாதான்னா, போதல. 2017ல வந்த ஆய்வுல 150 மில்லிகிராம் இரும்பு மாத்திரை தினம் ரெண்டு வேளை, 16 வாரம் கொடுத்தும் மூச்சுத்திறன்ல வித்தியாசம் வரல. அழற்சி இருந்தா, இரும்பைக் கட்டுப்படுத்துற ஹெப்சிடின்ங்கிற ஹார்மோன் ஏறும், அது ஏறினா குடல் கதவைச் சாத்திடும்.

மத்தவங்களுக்கு மாத்திரை வேலை செய்யும். அட்டையில எலிமென்டல் அயர்ன், அதாவது உள்ள இருக்கிற நிஜ இரும்பு எவ்வளவுன்னு பாருங்க. ஃபெரஸ் சல்ஃபேட் 200ன்னு போட்டிருந்தாலும் உள்ள இரும்பு 65 மில்லிகிராம்தான். ஒரு தடவை போட்டா ஹெப்சிடின் ஏறி ஒரு நாள் அப்படியே நிக்கும், அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா ஒவ்வொரு மாத்திரையும் கூடுதலா உடம்புல சேரும். வயித்துக் குமட்டலும் குறையலாம். டீ? சாப்பாட்டோட குடிச்சா இரும்பு உறிஞ்சுறது பாதிக்கு மேல வெட்டுப்படும். அதான் இன்னைக்கு வெந்நீர்! கால்சியம் மாத்திரை, ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் இதெல்லாம் வேற வேளைக்கு மாத்துங்க. மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க.

அய்யோ, தைராய்டை விட்டுட்டேன். தைராக்சின் போடுறவங்க நாலு மணி நேரம் இடைவெளி விடுங்க, இல்லைன்னா தைராய்டு மாத்திரை வீண்.

இன்னொண்ணு, பின்னாடி போறேன். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யா ஏறும், அதனால அழற்சியைக் காட்டுற சிஆர்பி டெஸ்டும் சேர்த்துப் பாருங்க. வெறும் சீரம் அயர்ன் மட்டும் உள்ள பேக்கேஜ் எனக்கு சுத்தமா பிடிக்காது, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஆடும். எம்சிவி, அதாவது சிவப்பணுவோட சராசரி அளவு, குறைவுன்னு ஃபெரிட்டின் பார்க்காம இரும்பு முழுங்காதீங்க, பரம்பரையா வர்ற தலசீமியா மைனரா இருக்கலாம். ஆம்பளைங்களுக்கும் மாதவிடாய் நின்னவங்களுக்கும் ஃபெரிட்டின் குறைஞ்சா மாத்திரையோட நிறுத்தக்கூடாது. வயித்துல, குடல்ல ரத்தம் கசியுதான்னு பார்த்தே ஆகணும்.

இரும்பு ஊசி போட்டவங்க ஒரு வாரத்துல ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்துட்டு "600 வந்துடுச்சு"ன்னு கமெண்ட்ல அலறாதீங்க. நாலு வாரமாவது கழிச்சு எடுங்க, அப்போதான் அந்த நம்பருக்கு அர்த்தம்.