அத்தைக்கு இடம் பார்த்த கதை

வணக்கம் நேயர்களே. பெரியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகளை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. என் அத்தைக்காக நாலு மாதம் கோவையைச் சுற்றி அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அத்தைக்கு 76 வயது. உடுமலைப்பேட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். மாமா போய் ஆறு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர், காலையில் பால்காரர் வந்து குரல் கேட்கிற வரைக்கும், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை, அதுவரைக்கும் நல்லது. ஆனால் அதற்கப்புறம் அவரே சொன்னார், "தனியா இருக்கப் பயமா இருக்குது கண்ணு, எங்கியாவது நல்ல எடமாப் பாரு." எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றோம். எங்களுடையது மாடி வீடு, நானும் கணவரும் எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் திரும்புவோம். "அங்கியும் தனியாத்தானே இருக்கோணும்" என்றார். மறுக்க முடியவில்லை.

வடவள்ளி, தொண்டாமுத்தூர் ரோடு, மாதம்பட்டி, கோவைப்புதூர் என்று இந்த மேற்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. தட்பவெப்பத்துக்காகவும் ஆஸ்பத்திரி வசதிக்காகவும் சென்னையிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும்கூட வந்து தங்குகிறார்கள். ஏழு இடங்கள் பார்த்தோம். எல்லா இடத்திலும் முதல் அரை மணி நேரம் ஒரே மாதிரிதான் போகும்: கோயில், நடைபாதை, நூலகம், பிசியோதெரபி அறை, மரத்தடி பெஞ்ச். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதெல்லாம் நடமாடுகிற வரைக்கும் உதவுகிற வசதி. படுத்துவிட்டால் என்ன என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

நான் ஐந்தாவது இடத்தில்தான் ஒப்பந்தத்தை முழுதாக வாங்கிப் படித்தேன். அதில் ஒரு வரி இருந்தது: குடியிருப்பவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும், அந்த நிலை மாறினால் குடும்பத்தார் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். அதாவது, அத்தைக்கு நிஜமாகவே துணை தேவைப்படுகிற நாளில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்கு முன்னால் பார்த்த நாலு இடத்திலும் இதைக் கேட்காமலேயே வந்திருக்கிறேன், அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்து கேட்டேன். சில இடத்தில் தானாக இருப்பவர்களுக்கான வீடு மட்டும்தான். சில இடத்தில் அதே வளாகத்துக்குள்ளேயே, குளிக்கவும் உடுத்தவும் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு ‘அசிஸ்டட் லிவிங்’ என்று தனிக் கட்டிடம் இருக்கிறது. அப்படி இருந்தாலும் விடாமல் கேளுங்கள்: எத்தனை படுக்கை, இப்போது எத்தனை காலி, மாதம் எவ்வளவு, ராத்திரியில் எத்தனை நர்ஸ். ஞாபக மறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா என்பது தனிக் கேள்வி, அதற்குப் பல இடங்களில் பதில் வேறு. வெளியிலிருந்து நாமே ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளலாமா, அந்த ஆளுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் உண்டா என்பதையும் கேளுங்கள். வாய்வார்த்தையாக எது சொன்னாலும், அது ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

எல்லா வீட்டிலும் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு எமர்ஜென்சி பட்டன் இருக்கும். அமுக்கிப் பார்க்கலாமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டேன். ஓரிடத்தில் நாலு நிமிடத்தில் நர்ஸ் வந்து நின்றார். இன்னொரு இடத்தில் கேட்டிலிருந்த செக்யூரிட்டி பதறிப்போய் எங்களுக்கே போன் செய்து, எந்த பிளாக், எந்த வீடு என்று கேட்டார், பட்டன் அமுக்கினால் அங்கே மணி அடிக்குமே தவிர எந்த வீடு என்று தெரியாதாம். விழுந்து கிடக்கிற மனுஷி எப்படிப் போனை எடுத்துப் பதில் சொல்வார்?

பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா என்று பாருங்கள். உள்பக்கம் திறக்கிற கதவுக்குப் பின்னால் ஆள் விழுந்துவிட்டால், உதவிக்கு வருகிறவரால் கதவைத் தள்ளவே முடியாது. கையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள், கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். பாத்ரூம் வாசலில் படி இருக்கக் கூடாது.

அப்புறம் ஆஸ்பத்திரி. ‘பதினைந்து கிலோமீட்டர்தான்’ என்றார்கள் ஓரிடத்தில். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கிருந்து லாலி ரோடு வழியாக அந்த ஆஸ்பத்திரி இருக்கிற அவினாசி ரோட்டுக்கு நானே காரை ஓட்டிப் பார்த்தேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். வளாகத்துக்குள் ஆம்புலன்ஸ் நிற்கிறதா, ராத்திரி டிரைவர் இருக்கிறாரா என்பதும் முக்கியம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதக் கட்டணத்தில் சாப்பாடு சேருமா, ஜி.எஸ்.டி. சேருமா, வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்று கேட்பதோடு, அங்கே குடியிருக்கிற ஒருவரிடம் போன மூன்று வருட ரசீதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் சந்தோஷமாகவே காட்டுகிறார்கள். டெபாசிட் என்றால், காலமான பிறகு யாரிடம், எத்தனை மாதத்தில் திரும்பத் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். புதிதாகக் கட்டுகிற வளாகம் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணை வாங்கித் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபாருங்கள். ஆனால் ரெரா பார்ப்பது வீட்டையும் கட்டுமானத்தையும்தான், சாப்பாடும் நர்ஸும் அதில் வராது. கட்டியவர், சேவை நடத்துபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் போட வேண்டும் என்று 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் மாதிரி வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அப்படி ஒன்று தருவார்களா என்று கேளுங்கள். ஊரிலிருக்கிற வீட்டை விற்று உடனே இங்கே வாங்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தினால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு வருடமாவது வாடகைக்கு இருந்து பார்க்கட்டும், பெரியவருக்குத் திரும்பிப் போக ஒரு கதவு இருக்கட்டும்.

அத்தை இரண்டு இடங்களில் விருந்தினர் அறையில் ஒவ்வொரு வாரம் தங்கிப் பார்த்தார். நான் நினைத்தே பார்க்காத விஷயங்களை அவர்தான் கண்டுபிடித்தார். முதல் இடம் பார்க்க மிக அழகு. ஆனால் சாப்பாட்டு மேஜையில் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும்தான். நல்லவர்கள்தான் எல்லோரும், ஆனால் ஏழு நாளில் அத்தை மனம்விட்டுப் பேசியது பாத்திரம் கழுவ வந்த அம்மாவிடம் மட்டும். அங்கே அசைவம் கிடையாது, சொந்த வீட்டுக்குள்ளும் சமைக்கக் கூடாது. எழுபத்தாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு சாப்பிட்டுப் பழகியவரிடம் இனி விட்டுவிடுங்கள் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

இரண்டாவது இடத்தில் வீடு சின்னது, பெயின்ட் மங்கலாக இருந்தது. ஆனால் மூன்றாம் நாளே அத்தை போன் செய்து, பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் பக்கத்து வீட்டில் இருப்பதாகச் சொன்னார். குரல் மாறியிருந்தது. பட்டன் அமுக்கினதும் நாலு நிமிடத்தில் நர்ஸ் வந்தது அங்கேதான்.

கையெழுத்துப் போடப் போன அன்று, மேனேஜர் காகிதங்களை எடுத்து வைக்கும்போது அத்தை கேட்டார், "ஏந்தம்பி, நான் போயிட்டா எங்கே வெப்பீங்க?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பையனும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றான். பக்கத்தில் இருந்த ஹெட் நர்ஸ்தான் அத்தைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒளிக்காமல் பதில் சொன்னார். ஃப்ரீசர் பெட்டி வரவழைப்போம், சொந்தக்காரர்கள் வருகிற வரைக்கும் உங்கள் வீட்டிலேயே வைத்திருப்போம், சடங்கு செய்யப் பின்வாசல் பக்கம் இடம் இருக்கிறது, யாரும் அவசரப்படுத்த மாட்டோம் என்றார். "அது போதும் சாமி" என்று அத்தை பேனாவை வாங்கினார்.

பதினோரு மாத ஒப்பந்தம். உடுமலை வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன்னால் அத்தையும் நானும் உட்கார்ந்து, படுத்துவிட்டால் என்ன என்கிற அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கப்போகிறோம்.

நன்றி, வணக்கம்.