கதை தொடங்குவதற்கு முந்தைய பக்கம்

வணக்கம் நேயர்களே. மர்ம நாவல் என்றாலே நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது தமிழ்நாட்டிலிருந்து வரும் மாத நாவல்கள்தான். எம்ஆர்டி ரயிலில் ஏறி உட்கார்ந்தால் இறங்குவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்தாக வேண்டும். அந்த வேகத்துக்குப் பழகியவர்களுக்கு டான் பிரவுனின் 'தி டா வின்சி கோட்' நன்றாகவே ஒத்துப்போகும். 2003-இல் வந்த நாவல். ராபர்ட் லாங்டன் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் வரும் வரிசையில் இரண்டாவது. 105 அத்தியாயங்கள், பல அத்தியாயங்கள் மூன்று நான்கு பக்கம்தான், ஒவ்வொன்றும் சரியான இடத்தில் நம்மை அந்தரத்தில் விட்டுவிட்டு வேறு இடத்துக்குத் தாவிவிடும்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ராத்திரியில் ஒரு கொலை. செத்தவர் அங்கே பெரிய அதிகாரி. சாவதற்குமுன் தரையில் 13, 3, 2, 21, 1, 1, 8, 5 என்று எழுதி வைத்திருக்கிறார். ஏறுவரிசையில் அடுக்கினால் 1, 1, 2, 3, 5, 8, 13, 21. பக்கத்து எண்கள் இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும், அதுதான் ஃபிபொனாச்சி வரிசை. அங்கேயே வாசகர் மாட்டிக்கொள்வார், அப்புறம் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது.

ஆனால் நான் பேச வந்தது கதையைப் பற்றி இல்லை, கதை ஆரம்பிப்பதற்குமுன் வரும் ஒரு பக்கத்தைப் பற்றி. அதற்குத் தலைப்பே 'உண்மை'. பிரையரி ஆஃப் சியோன் என்ற ரகசியச் சங்கம் 1099-இல் தோன்றியது, அது நிஜமான அமைப்பு என்கிறது அந்தப் பக்கம். லியனார்டோ டா வின்சி, நியூட்டன் எல்லாரும் அதில் இருந்தார்களாம், பாரிஸ் தேசிய நூலகத்தில் ஆவணம் இருக்கிறதாம்.

ஆவணம் இருந்தது நிஜம். அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்பதுதான் விஷயம்! பியேர் பிளான்டார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956-இல் சுவிஸ் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் இந்தப் பெயரில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார். பக்கத்தில் இருந்த ஒரு மலையின் பெயர் சியோன். அப்புறம் அறுபதுகளில் நண்பரோடு சேர்ந்து பழைய தோல் ஏடுகள் மாதிரி போலி ஆவணங்கள் தயாரித்து, தான் பழைய அரச வம்சத்தின் வாரிசு என்று காட்டிக்கொண்டார். 1993-இல் ஒரு நீதிபதி கூப்பிட்டு விசாரித்தபோது, எல்லாம் தானே புனைந்தது என்று ஒப்புக்கொண்டார். அதாவது நாவல் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே குட்டு உடைந்துவிட்டது.

பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் தரையோடு ஒரு பித்தளைக் கோடு ஓடுகிறது. நாவலில் அங்கே ரகசியம் புதைந்திருப்பதாக நம்பித் தேடுவார்கள். நிஜத்தில் அது 18-ஆம் நூற்றாண்டில், மேலே ஒரு துளை வழியாக விழும் சூரிய ஒளியை வைத்து ஈஸ்டர் தேதியைக் கணிக்கப் பதித்த கோடு. ஜன்னலில் இருக்கும் பி, எஸ் எழுத்துகள் சங்கத்தின் பெயரா என்று கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்க, அவை பீட்டர், சுல்பீஸ் என்ற இரண்டு புனிதர்களைக் குறிக்கின்றன என்று தேவாலயமே அறிவிப்பு மாட்ட வேண்டியதாயிற்று.

இயேசுவுக்கு மனைவியும் வாரிசும் இருந்ததை அந்தச் சங்கம் ரகசியமாகக் காத்து வருகிறது என்பதுதான் நாவலின் கதை. 2006-இல் அது படமாக வந்தபோது சிங்கப்பூரில் 16 வயதுக் கட்டுப்பாட்டோடு திரையிட்டார்கள். தமிழ்நாட்டில் அரசு தடை போட, சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. கற்பனைக் கதை என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்வளவு கொதிப்பு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். 'உண்மை' என்ற அந்த ஒரு சொல்தான் ஒரு பக்கம் பக்தர்களைப் புண்படுத்தியது, இன்னொரு பக்கம் லட்சக்கணக்கானவர்களை நம்பவும் வைத்தது.

எனக்கு இந்த நாவல் பிடிக்கும், ஓட்டத்தில் குறையே சொல்ல முடியாது. பாத்திரங்கள்தான் மெலிசு. ஆனால் சங்கமே இல்லாத இடத்தில் தொள்ளாயிரம் வருஷ வரலாற்றை எழுதி, அதைத் தேசிய நூலகத்திலேயே சேர்த்துவிட்ட பிளான்டாரின் கதை இதைவிடப் பெரிய மர்மக் கதை. முதல் பக்கத்தை விட்டுவிட்டு நாவலை வாசியுங்கள். முடித்த பிறகு அந்தப் பக்கத்துக்கு வந்து, ஒவ்வொரு வரியாகத் தேடிப் பாருங்கள்.