கைப்பிடி நெஞ்சில் இடித்ததா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு இரவில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் எதிரே திடீரென நிற்கும் மாட்டுக்குப் பயந்துதான் ஓட்டுகிறார்கள். மோதி விழுந்தவரிடம் தலையில் அடிபட்டதா, எலும்பு முறிந்ததா என்று கேட்கிறோம். கைப்பிடி நெஞ்சில் இடித்ததா என்று கேட்பவர் குறைவு. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இதயத்தின் இரண்டு கீழறைகளையும் பிரிப்பது ஒரு தசைச்சுவர். இரத்தம் நிரம்பி, வால்வுகள் மூடியிருக்கும் கணத்தில் நெஞ்சில் பலத்த அடி விழுந்தால், நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இதயம் நசுங்குகிறது. தண்ணீர் நிரப்பி வாய் கட்டிய பையை மிதித்தது போலத்தான். சுவர் கிழிகிறது, பெரும்பாலும் இதய நுனிப் பக்கமாக. கத்தியும் துப்பாக்கிச் சன்னமும் இதே ஓட்டையைப் போடும். அதை நம் மண்ணுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பெரிய கவலை, அன்றே கிழியாத சுவர்தான். கன்றிப்போன தசை சில நாட்களில் சிதைந்து ஓட்டையாகிவிடும். நலமாக வீடு திரும்பியவருக்கு ஒரு வாரம் கழித்து நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். சளி என்று நினைத்து மருந்து குடித்துக்கொண்டிருப்பார். வைத்தியர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் முன்பு இல்லாத கரகரப்பான இரைச்சல் கேட்கும்; ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை ஓட்டையைக் காட்டிவிடும்.

சிறிய ஓட்டை சிலருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். பெரியதை அடைக்க, நெஞ்சைப் பிளந்து செய்யும் அறுவைச் சிகிச்சை ஒன்றே ஒருகாலத்தில் வழி. 1988 இல் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் லொக்கும் அவருடைய குழுவினரும் கீழறைச் சுவரின் ஓட்டைகளைக் கதீற்றர் என்னும் மெல்லிய குழாய் வழியே அடைத்ததை எழுதி வெளியிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தொடைத் தமனி வழியாக ஒரு மெல்லிய கம்பி இடது கீழறைக்குப் போய், ஓட்டையைத் தாண்டி வலப்பக்கம் வருகிறது. அங்கே ஒரு சுருக்குக் கம்பி அதைப் பிடித்துக் கழுத்து நாளம் வழியே வெளியே இழுக்கிறது. அந்தக் கம்பியின் தடத்தில் மடித்த வலைத்தட்டு உள்ளே போகிறது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம் அது. விட்டதும் பழைய வடிவத்துக்கு விரியும். இடப்புறம் ஒரு தட்டு, வலப்புறம் ஒரு தட்டு, நடுவே சுவர். சரியாகப் பொருந்தாவிட்டால், கழற்றிவிடும் முன் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். சில மாதங்களில் உடலின் சொந்தத் திசுவே அதன்மேல் படர்ந்துவிடும்.

எல்லாருக்கும் உடனே செய்வதில்லை. புதுக் கிழிசலின் ஓரம் நொய்ந்திருக்கும், தட்டு பிடிக்காது. நோயாளி தாங்குவாரென்றால் சில வாரங்கள் பொறுத்து, ஓரம் இறுகியபின் செய்வது நல்லது. இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருப்பவருக்குப் பொறுக்க நேரமில்லை.

ஆகவே, நெஞ்சில் அடிபட்டவர் வெளியில் காயமே இல்லாவிட்டாலும் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீடு திரும்பிய பின் மூச்சு வாங்கினாலோ, படபடத்தாலோ, கால் வீங்கினாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள். மூச்சு முட்டினால் 1990 க்கு அழையுங்கள். அம்பியூலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. வந்ததும் முதலில் அந்த விபத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.