வெள்ளைப் பொடி சிவப்பான கதை

நேயர்களுக்கு வணக்கம். பெரோவ்ஸ்கைட் ஆக்ஸிநைட்ரைடு, அதாவது உலோகங்களோடு ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்த ஒரு வகைப் பொருள், என்ற பெயரைக் கேட்டதும் வானொலியின் காதைத் திருகிவிடாதீர்கள். நான் பேசப்போவது நிறத்தைப் பற்றித்தான்.

கால்சியமும் டாண்டலம் என்ற உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு வெள்ளைப் பொடி. அதை விரல் நீளப் பீங்கான் படகில் பரப்பி, உலைக்குழாய்க்குள் தள்ளி, ஏறத்தாழ 900 டிகிரியில் அம்மோனியா வாயுவை மணிக்கணக்கில் ஓடவிடுகிறோம். ஆறியபின் வெளியே இழுத்தால் படகில் பளிச்சென்று மஞ்சள்! கால்சியத்துக்குப் பதில் லாந்தனம் என்ற உலோகம் என்றால் சிவப்பு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

உள்ளே நடந்தது என்ன? ஆக்சிஜன் கொஞ்சம் வெளியேற, நைட்ரஜன் வந்து அமர்ந்தது. அணுக்கள் பெரோவ்ஸ்கைட் என்ற ஒழுங்கான படிக அமைப்பில் அடுக்கிக்கொண்டன. ஆக்சிஜன் தன் எலெக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். நைட்ரஜனின் பிடி சற்றுத் தளர்வு. அதாவது நைட்ரஜனின் எலெக்ட்ரான்கள் கொஞ்சம் உயரத்திலேயே நிற்கின்றன. ஒளியை விழுங்கும் எலெக்ட்ரான் கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குத் தாவுகிறது. மேல்படியைத் தொடாமல் கீழ்ப்படியை மட்டும் உயர்த்தினால் தாவ வேண்டிய உயரம் குறையுமல்லவா? வெள்ளை ஆக்சைடில் அந்தத் தாவலுக்குப் புற ஊதா ஒளி தேவை. இங்கே நீல ஒளியே போதும். நீலம் விழுங்கப்பட்டால் கண்ணுக்கு எட்டுவது மஞ்சள். லாந்தனம் வந்தால் நைட்ரஜன் இன்னும் கூடும், அப்போது பச்சையும் விழுங்கப்பட்டுச் சிவப்பு. சுருக்கமாகச் சொன்னால், இந்தப் பொடிகளில் நிறம் என்பது எலெக்ட்ரான் தாவும் உயரம், வேறொன்றுமில்லை.

கால்சியத்தையும் லாந்தனத்தையும் வேண்டிய விகிதத்தில் கலந்தால் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே எந்தச் சாயலும் கிடைக்கும். யான்சென், லெச்செர்ட் என்ற இருவர் 2000ஆம் ஆண்டு இதைக் காட்டியபோது, நச்சுள்ள காட்மியம் நிறமிகளுக்கு ஒரு மாற்று பிறந்தது. பொடி பளிச்சென்று இல்லாமல் கருத்துப்போனால் எனக்கு உடனே சந்தேகம் வரும்: அம்மோனியா அளவுமீறி வேலைசெய்து டாண்டலத்தில் ஒரு பகுதிக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து ஒடுக்கிவிட்டது. கருவியில் அளப்பதற்கு முன்பே கண் சொல்லிவிடும்.

சரி, நைட்ரஜன் எந்த இடத்தில் அமர்கிறது? ஓர் உலோக அணுவைச் சுற்றி ஆறு இடங்கள்: மேலே, கீழே, நான்கு பக்கமும். படம் போடாமல் இதற்குமேல் போனால் குழப்பம்தான். எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறுவது. அதனால் பார்த்தால் எட்டு எலெக்ட்ரான் கொண்ட ஆக்சிஜனையும் ஏழு கொண்ட நைட்ரஜனையும் பிரித்தறிவது கடினம். நியூட்ரானோ அணுக்கருவில் பட்டுச் சிதறுவது. நைட்ரஜன் அதை நன்கு வலுவாகச் சிதறடிக்கும். அப்படிப் பார்த்துத்தான் அட்ஃபீல்ட் என்ற வேதியியலாளரின் குழுவினர் 2011இல் சொன்னார்கள்: இரண்டு நைட்ரஜன்கள் எதிரெதிரே அமர்வதைவிடச் செங்கோணத்தில் அமரவே விரும்புகின்றன. எதிரெதிரே அமர்ந்தால் உலோகத்தின் அதே ஆர்பிட்டல்களுக்கு, அதாவது எலெக்ட்ரான்கள் உலவும் இடங்களுக்கு, இரண்டும் போட்டியிட வேண்டும். செங்கோணத்தில் பிணைப்பு வலுக்கிறது.

அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இதே பொடிகளைக் கொண்டு சூரிய ஒளியால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளப்பதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். 1972இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடைக் கொண்டு ஒளியால் நீரைப் பிளந்து காட்டினார்கள். ஆனால் அதற்குப் புற ஊதா வேண்டும். சூரிய ஒளியில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். நம் மஞ்சளும் சிவப்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே பயன்படுத்தும். சிக்கல் ஒன்று உண்டு: எலெக்ட்ரான் தாவியபின் மிஞ்சும் காலியிடமான நேர்மின் துளை, நீரை விட்டுவிட்டு நைட்ரஜனையே தாக்கிப் பொருளை அரித்துவிடுகிறது. துளையைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ள மேலே கோபால்ட் ஆக்சைடைத் தூவிப் பார்க்கிறார்கள், பலனும் தெரிகிறது. நேரம் முடிந்தது. வணக்கம்.